பின்னால் கட்டிய கார்

டீசல் விஷயத்தில் நான் கஞ்சன்தான். ஒளிக்க என்ன இருக்கிறது? இளந்தாரியாக இருந்த நாள் முதல் வாகனம் ஓட்டிச் சீவிக்கிறவன் நான். டீசலுக்கு வரிசையில் நின்று, வரிசையிலேயே படுத்தெழும்பிய காலத்தையும் பார்த்தாயிற்று. அதற்குப் பிறகு ஒரு வண்டி சும்மா நின்று உறுமினாலே எனக்கு வயிறு எரியும். அப்படிப்பட்டவனிடம் வந்து அத்தான் சொன்னார், பழைய பஸ் ஒன்று வாங்கி அதற்குள் கட்டில் போட்டு, குசினி வைத்து, பின்னால் ஒரு காரையும் கட்டி இழுத்துக்கொண்டு தீவெல்லாம் திரியவேண்டும் என்று. மனுசனுக்கு விசர் என்றுதான் நினைத்தேன். முகத்துக்கு நேரேயும் சொன்னேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். இருவரும் கனடாவில் இருந்தவர்கள். அக்கா முந்தின வருடம் அங்கேயே செத்துப்போனாள். அந்த நாட்டில் வேலையிலிருந்து ஓய்ந்த வெள்ளைக்காரர்கள் வீடு மாதிரிப் பெரிய பஸ்களில், பின்னால் சின்னக் காரையும் கொழுவிக்கொண்டு ஊர் சுற்றுவார்களாம். அவர்களைக் கண்டால் அக்கா தெருவோரத்தில் நின்று பார்ப்பாளாம். எங்கள் ஊரிலும் இப்படி ஒருநாள் போகவேண்டும் என்பாளாம். அத்தான் அந்த ஆசையையும் அவளுடைய சாம்பலையும் ஒன்றாகவே கொண்டுவந்திருந்தார். சாம்பல் ஒரு சின்னப் பெட்டிக்குள் இருந்தது.

எல்லோரும் சாம்பலைக் கீரிமலைக்குத்தான் கொண்டுபோவார்கள். அக்கா அப்படிச் சொல்லவில்லை. நயினாதீவுக்கு வள்ளம் போகிற கடலில், குறிகட்டுவானில் கரைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுக் கண் மூடியிருக்கிறாள். ஆட்டைத் திவசம், அதாவது முதல் வருடத் திவசம் வருமுன்னர் அது நடந்தாகவேண்டும். நடந்தால்தான் அத்தான் திரும்பிப் போவார். அவர்களுடைய ஒரே மகள் அங்கிருந்து எனக்கு அடிக்கடி போன் எடுப்பாள். அப்பா சாப்பிடுகிறாரா, எப்போது அனுப்பிவைப்பீர்கள் மாமா என்று கேட்டு, கடைசியில் அழுவாள். அனுப்பிவைக்கிறேன் பிள்ளை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். சரவணையில் எங்கள் வளவில் அந்தப் பஸ் நின்ற காலம் முழுக்க எனக்கு அந்த ஒரு கவலைதான்.

காரைக் கட்டி இழுப்பதற்கு அத்தான் ஊருக்குச் சொன்ன காரணம், ஒழுங்கைகளுக்குள் பஸ் போகாது என்பது. என் எரிச்சலைக் கண்டு கார் யோசனையை அவர் விட்டிருந்தார். அது திரும்பி வந்ததற்கு உண்மைக் காரணம் என் மனைவி. பஸ் வேலை முடிந்து வந்த அன்று அத்தான் பெட்டியோடு அதற்குள் ஏறப்போனார். இவள் வாசலில் நின்று மறித்தாள்.

“அண்ணை, உள்ளுக்குக் கட்டில் இருக்கு, அடுப்பு இருக்கு, சாமிப்படமும் வைச்சிருக்கிறியள். அப்ப இது வீடுதானே? சாம்பல் வீட்டுக்குள்ளை வரக்கூடாது.”

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். சுடலையில் அள்ளிய சாம்பல் நேரே கடலுக்குப் போகவேண்டும். ஒரு வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. வந்த நாள் முதல் பெட்டி வளவில் வெளிக்கொட்டிலில் இருந்ததும் அதனால்தான். அத்தான் யோசித்துப் பார்த்தார். ஓம் என்றார். கொஞ்ச நாளில் ஒரு பழைய இங்கிலீசுக் கார் வந்து நின்றது. பஸ் வீடு, கார் வீட்டுக்கு வெளியே. இந்தக் கணக்கை வெல்ல யாரால் ஏலும்? ஆக, ஒரு கைப்பிடிச் சாம்பல் வாசல் தாண்டக்கூடாது என்பதற்காக நான் ஒரு முழுக் காரை டீசல் விட்டு இழுத்துத் திரியவேண்டி வந்தது.

ரவுணில் இரும்பு ஒட்டுகிற கடை ஒன்றில் முக்கோணமாகச் சட்டம் ஒட்டி, காரைப் பஸ்ஸோடு கொழுவினோம். அப்படிக் கொழுவினால் காருக்குள் ஆள் இருக்கத் தேவையில்லை. கியரை நியூட்றலில் விட்டு, ஹான்ட் பிறேக்கை இறக்கிவிட்டால் அது பாட்டில் பின்னால் வரும். பழைய கார் என்பதால் ஸ்ரியறிங்குக்குப் பூட்டு இல்லை. பஸ் திரும்பினால் காரின் சில்லுகளும் திரும்பும். அதோடு ஸ்ரியறிங்கும் தானாகச் சுற்றும். அத்தான் பெட்டியைக் காரின் இடப்பக்கச் சீற்றில் வைத்து, விழாமல் இருக்க அக்காவின் நூல்சேலை ஒன்றால் சீற்றோடு சேர்த்துச் சுற்றிக் கட்டினார். நல்லதுக்குத்தான் செய்தார். ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் சேலை உடுத்த ஒருத்தி தலை குனிந்து இருக்கிற மாதிரி இருந்தது.

பஸ்ஸின் பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி. என் தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் கார் முழுசாகத் தெரியும். முதல் நாள் வளைவில் அதைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸை மெதுவாக்கினேன். ஓட்டுகிற சீற்றில் ஆள் இல்லை. ஸ்ரியறிங் மட்டும் அளவாகச் சுற்றி, அளவாக நிமிர்ந்தது. பக்கத்தில் சேலை. தெருவில் சைக்கிளில் வந்த ஒரு கிழவர் பஸ்ஸுக்கு விலகிவிட்டு, காரைக் கண்டதும் இறங்கியே விட்டார். ஊர் நாய்கள் பஸ்ஸைப் பார்த்துக் குரைக்காது. காரைப் பார்த்துக் குரைக்கும். கொஞ்சத் தூரம் வந்து, பிறகு சத்தம் அடங்கி நின்றுவிடும். சோதனைச் சாவடியில் நின்ற கடற்படைப் பெடியன் ஒருநாள் கை காட்டி மறித்து, கொச்சைத் தமிழில் காருக்கு டிரைவர் எங்கே என்று கேட்டான். நான்தான் என்றேன். அவன் காரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கையை அசைத்துப் போகச் சொன்னான்.

இனி டீசல் கதைக்கு வருகிறேன். பஸ்ஸில் டீசல் காட்டும் முள் வேலை செய்யாது. நான் தாங்கிக்குள் ஒரு நீளத் தடியை விட்டு, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பேன். எங்கள் தீவுகளில் ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. உள்ளங்கை மாதிரி வெளி. காற்று ஒன்றுதான் எங்களுக்கு மலை. ரயரில் காற்றைச் சரியாக வைத்து, ஒரே ஓட்டமாக, முறுக்காமல் ஓட்டினால் பெரிய பஸ்ஸும் சொன்ன சொல் கேட்கும். சின்னக் காரை இழுத்தால் கொஞ்சம் கூடக் குடிக்கும், அவ்வளவுதான். மண்கும்பான் பக்கம், ஊர்காவற்றுறைப் பக்கம் போய் வந்தால் என் கணக்குச் சரியாக வரும்.

குறிகட்டுவானுக்குப் போனால் மட்டும் பிழைக்கும். போகும்போது பஸ் மாடு தண்ணீர் குடிக்கிற மாதிரிக் குடித்தது. திரும்பி வரும்போது தடி நனைந்த அளவு குறையவே இல்லை என்று சொல்லலாம். அதே றோட்டு, அதே கார், அதே பாரம். பாரம் குறையாததற்குக் காரணம், ஒவ்வொரு முறையும் அக்காவைத் திருப்பிக் கொண்டுவந்ததுதான். இறங்குதுறையில் போய் நின்றதும் அத்தானுக்கு ஒரு சாட்டு வந்துவிடும். ஒருநாள் சனம் கூடிப்போச்சு என்றார். ஒருநாள் தண்ணீர் கலங்கல் என்றார். இன்னொரு நாள் சாட்டுக்கூடச் சொல்லவில்லை. போவம் தம்பி என்று மட்டும் சொன்னார். எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வரும். அவர் முகத்தைப் பார்த்தால் அடங்கிவிடும்.

சோழகக் காற்றுத்தான் காரணம் என்று மனதைத் தேற்றினேன். அது போகும்போது முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகில் தள்ளும். நியாயம்தானே? பிறகு சோழகம் ஓய்ந்து வாடை வந்தது. வாடை என்றால் போகும்போது முதுகில் தள்ளவேண்டும். தள்ளிக்கொண்டுதான் இருந்தது, அப்படியிருந்தும் பஸ் கனத்தது. வேலணையைப் புங்குடுதீவோடு சேர்க்கும் அந்த நீளத் தாம்போதியில் ஏறியதும் யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் கடல். மத்தியான வெயிலில் தண்ணீரும் வானமும் ஒரே வெள்ளையாகக் கிடக்கும். முன்னும் பின்னும் வாகனம் இராது. கண்ணாடியில் பார்த்தால் ஆளில்லாத கார், சேலை, சின்னதாக அசைகிற ஸ்ரியறிங். நான் பயந்தாங்கொள்ளி இல்லை. ஆனால் அந்த இடத்தில் தேவாரம் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தேன்.

ஒருநாள் இறங்குதுறையில் பஸ்ஸை நிறுத்தியதும் எரிந்த மணம் வந்தது. காரின் பின்சில்லில் கை வைத்தேன், சுட்டது. உள்ளே எட்டிப் பார்த்தால் ஹான்ட் பிறேக் பாதி இழுபட்டிருந்தது. அட, இதுதானா விஷயம்! பிறேக் பிடித்தபடி இழுத்தால் டீசல் போகாமல் என்ன செய்யும்? சரவணையில் நானே என் கையால் இறக்கிவிட்ட பிறேக். அத்தான்தான் கடலுக்குப் போக மனமில்லாமல் ஏதோ விளையாடுகிறார் என்று நினைத்து அவரை ஏசினேன். அவர் சத்தியம் செய்தார். பழைய கார், பிறேக்கின் பல் தேய்ந்திருக்கும் என்றும் யோசித்தேன். ஆனால் பல் தேய்ந்தால் பிறேக் தானாக விடும்; தானாக இழுபடாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தது நல்லதுக்கில்லை.

திவசம் கிட்டிவந்தது. மகள் முதல்நாளும் எடுத்து அழுதிருந்தாள். அன்று காலையில் பிறேக்கை இறக்கிவிட்டு, கார்க் கதவுகள் எல்லாவற்றையும் நானே பூட்டினேன். திறப்பு என் சட்டைப்பைக்குள். அத்தானைப் பஸ்ஸில் எனக்குப் பக்கத்துச் சீற்றில் இருத்தினேன். வேலணை வரைக்கும் பஸ் பூப்போல ஓடியது. தாம்போதியில் ஏறினோம். நடுவில் போனதும் கனக்கத் தொடங்கியது. கியரைக் குறைத்தேன். எஞ்சின் முனகியது. அத்தான் என்னைப் பார்த்தார். நான் பஸ்ஸை நிறுத்தினேன்.

இறங்கிப் பின்னால் நடந்தேன். காற்று என் இடுப்புச் சாரத்தை அடித்தது. காரின் சேலை மட்டும் அசையாமல் இருந்தது. கண்ணாடியெல்லாம் மூடியிருந்ததால் அசையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு கதவும் பூட்டியபடியே இருந்தன. உள்ளே பிறேக் இழுபட்டு நின்றது. பாதி இல்லை, முழுசாக. எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் வந்ததா, அக்காவை நினைத்து வந்ததா என்று இன்றைக்கும் தெரியாது.

அத்தானும் இறங்கி வந்து பார்த்தார். அவர் பயப்படவில்லை. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“அவளுக்கு ஓட்டம் எண்டால் பயம், தம்பி. நான் கொஞ்சம் விரைசாய் ஓடினால் பேசாமல் கையைக் கொண்டுபோய் உந்தப் பிறேக்கிலைதான் வைப்பாள்.”

பிறகு அவர் மற்றதையும் சொன்னார்.

“இவ்வளவு நாளும் நான்தான் அவளை விடேல்லை எண்டு நினைச்சன். அவளும் என்னை விடேல்லை.”

திறப்பைக் கேட்டார். கொடுத்தேன். அவர் காரின் வலப்பக்கச் சீற்றில் ஏறி இருந்து, அவளுக்கு என்னவோ மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை, கேட்க நான் நிற்கவும் இல்லை. பிறகு பிறேக்கை இறக்கிவிட்டு, மெதுவாக இழுக்கச் சொல்லி எனக்குக் கை காட்டினார். மிச்சத் தூரம் முழுக்கக் கார் பின்னால் வருகிறதா என்றே தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். ஸ்ரியறிங் தன்பாட்டில் திரும்பியது; அவர் அதைத் தொடவே இல்லை. சேலைப் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டே வந்தார்.

குறிகட்டுவானில் அன்று அவர் சாட்டுச் சொல்லவில்லை. இறங்குதுறைக்கு அப்பால் ஒதுக்குப்புறமாகக் கடலுக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, பெட்டியைத் திறந்து கரைத்தார். நான் பூவும் பாலும் கொடுத்தேன். சாம்பல் கொஞ்ச நேரம் அவரைச் சுற்றியே நின்றது. பிறகு நீரோட்டம் அதை நயினாதீவுப் பக்கம் எடுத்துக்கொண்டு போனது. வெறும் பெட்டியையும் அங்கேயே தாழ விட்டார். எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. மகளுக்கு எடுத்து, எல்லாம் முடிந்தது பிள்ளை, அப்பா இனி வருவார் என்று சொன்னேன்.

திரும்பும்போது அத்தான் பஸ்ஸில் ஏற மறுத்தார். ஈர வேட்டியோடு காருக்குள் போய், அக்கா இருந்த இடப்பக்கச் சீற்றில் இருந்தார். இருக்கட்டும் என்று விட்டேன். பிறேக்கை இறக்கி, கதவைச் சாத்திவிட்டு வந்து பஸ்ஸை எடுத்தேன். இனி என்ன, பின்னால் பிடித்து இழுக்க ஆள் இல்லை, டீசல் மிச்சம் என்றுகூட நினைத்தேன். வெட்கம்தான், நினைத்தது உண்மை.

தாம்போதியின் நடுவில் பஸ் கனத்தது.

இதற்கு முன் திரும்பி வரும்போது அது கனத்ததே இல்லை. நான் கண்ணாடியைப் பார்த்தேன். அத்தான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். அவருடைய இரண்டு கையும் முகத்தில்தான் இருந்தன. வலப்பக்கச் சீற்றில் ஆள் இல்லை. பின்சில்லிலிருந்து மெல்லிசாகப் புகை கிளம்பியது. இறங்கிப்போய்ப் பார்க்கவேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.

வழியில் நிறுத்திப் பிறேக்கை இறக்கிவிட்டிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. டீசல் போனால் போகட்டும் என்று கியரைக் குறைத்து, அவர்கள் இரண்டு பேரையும் சரவணை வரைக்கும் அப்படியே இழுத்துக்கொண்டு வந்தேன்.