மெராந்தி மரத்தடியில் உங்கள் அத்தை

என் பிள்ளைகளுக்கும், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர் நண்பர் அனைவருக்கும் வணக்கம். உங்கள் அத்தை, என் அக்கா, நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தவன். எழுத்தில் குறையிருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

அத்தை முசிறிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். எனக்கு எட்டு வயது மூத்தவர். எங்கள் தாய் தகப்பனார் ஒரே மாதத்தில் காய்ச்சலில் இறந்தார்கள். கல்யாணமான கையோடு மாமாவுடன் மலாயாவுக்குக் கப்பலேறியபோது அத்தை என்னையும் விடாமல் கூட்டிவந்தார். சீமையில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. பாலோவில் ரயிலை விட்டு இறங்கித் தோட்டத்துக்கு நடந்தே வந்தோம். மாமா ரப்பர்ப் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார். அத்தை புல்வெட்டுக் கூட்டத்தில் சேர்ந்தார். அவர் நிரையில் ஒரு புல் மிஞ்சாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணியே அவர் நிரையைத்தான் மற்றவர்களுக்குக் காட்டுவார்.

நான்காம் வருஷம் மாமா மலைக்காய்ச்சலில் இறந்தார். அதற்கடுத்த மழைக்காலத்தில் அவர்களுடைய ஒரே பெண் குழந்தை வயிற்றுக்கடுப்பில் போயிற்று. அப்போதுதான் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு மேலிருந்த குன்றைப் புதுக் கன்று வைக்க மொட்டையாக வெட்டியிருந்தார்கள். நாங்கள் குடித்த ஓடை மஞ்சளாக வந்தது. அந்தத் தண்ணீர்தான் குழந்தையைக் கொண்டுபோயிற்று என்று அத்தை நம்பினார். மறுநாளிலிருந்து குடத்தோடு அரை மைல் நடந்து, சர்க்கார் ரிசர்வ் காட்டிலிருந்து வரும் ஓடையில் தண்ணீர் எடுத்தார். கொஞ்ச நாளில் லயமே அவர் பின்னால் நடந்தது.

அந்தக் காட்டுக்குக் காவல் ஒரே ஒரு மலாய்க்காரப் பெரியவர். பாக் என்று கூப்பிடுவோம். பெரிய மெராந்தி மரத்தடியில் முளைத்திருக்கும் கன்றுகளைக் கொடியும் முள்ளும் அமுக்குகின்றன, தன் ஒருவனால் முடியவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது உதவிக்கு வருவார்களா என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாரிடம் வந்து கேட்டார். கூலி கிடையாது. தண்ணீர் கொடுக்கிற காடு என்று சொல்லி அத்தை ஆறு பெண்களைத் திரட்டினார். மண்வெட்டிகளைச் சுமக்க நானும் போனேன்.

பாக் இடத்தைக் காட்டிவிட்டு எல்லைக்கல் பார்க்கப் போனார். நாங்கள் தோட்டத்தில் செய்வதையே செய்தோம். பொழுது சாய்வதற்குள் மரத்தடி பெருக்கிவிட்ட வாசல் மாதிரி ஆயிற்று. கொடி இல்லை, முள் இல்லை, சருகு இல்லை. கன்றும் இல்லை. களைக்கும் கன்றுக்கும் வேற்றுமை எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

திரும்பிவந்த பாக் நின்று பார்த்தார். திட்டவில்லை. ஒரு வேரின்மேல் உட்கார்ந்து, "ஹாபிஸ்" என்றார். எல்லாம் முடிந்தது என்று பொருள். அவர் பேசிய மலாயை நம் பேச்சில் எழுதுகிறேன்.

அத்தை பதறாமல் கேட்டார். "வெதை குடுங்க பாக். நாங்களே நட்டுத் தரோம்."

"வெதை மரத்துக்கிட்ட இருக்கு. அது வருசா வருசம் காய்க்காதும்மா. அஞ்சு வருசமோ எட்டு வருசமோ, அதுக்குத்தான் தெரியும். மேல இருக்கிற தொரை என்னைக் கேட்டா நான் என்ன சொல்றது?"

கூட வந்த ஒருத்தி அத்தையின் காதருகே, "ஆடு மேஞ்சிருச்சுன்னு சொல்லச் சொல்லுக்கா" என்றாள்.

"ஆடு மேஞ்சா தண்டு நிக்கும்டி. வேரோட போனது நம்ம கையி" என்றார் அத்தை. மறுநாள் கிராணியாரிடம் போய், தவறு எங்களுடையது, பாக்குடையது அல்ல என்று காட்டு ஆபீசுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்தார். பாக்கின் வேலை தப்பியது.

அதோடு முடியவில்லை. முதல் மழையிலேயே நாங்கள் சுரண்டிய இடத்து மண் கரைந்து, அந்த நல்ல ஓடையும் மஞ்சளாயிற்று. அன்று அத்தை சோறு சாப்பிடவில்லை. குடத்தைத் திண்ணையில் கவிழ்த்து வைத்துவிட்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு தனியாகக் காட்டுக்குப் போனார். விழுந்த கிளைகளை இழுத்துச் சரிவில் குறுக்கே போட்டார். சருகை அள்ளி வந்து மண்ணை மூடினார். பெரிய மரத்தைச் சுற்றிய கொடிகளை அரிவாளால் அறுத்தார். சில மாதங்களில் தண்ணீர் தெளிந்தது. ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. வருஷக்கணக்கில் போனார்.

"என்னக்கா, காட்டுத் தொரை பெரட்டுக்குக் கெளம்பியாச்சா?" என்று லயத்தில் கேலி செய்வார்கள்.

"ஆமா, ஆள் பத்தலையாம். ஒம் பேரையும் குடுத்துட்டு வரட்டுமா?" என்பார். கேட்டவர்களில் இரண்டு மூன்று பேர் பின்னாளில் கூடவே போனார்கள்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. கப்பல் செலவில்லாமல் ஊருக்கு அனுப்புகிறோம் என்றார்கள். பாதி லயம் காலியாயிற்று. எனக்கும் போய்விடலாம் என்றே இருந்தது.

"பேரு குடுத்துரலாமாக்கா?"

"நீ போறதுன்னா போ தம்பி. மரம் இன்னும் காய்க்கலை."

எனக்குக் கோபம் வந்தது. "ஒரு மரத்துக்காகவா இங்க கெடந்து பட்டினி கெடக்கணும்?"

"மரத்துக்காக இல்லடா. நான் புடுங்கினது. வச்சுட்டுத்தான் போவணும்."

அவரைத் தனியே விட எனக்கு மனமில்லை. அரை வேலைக்கும் மரவள்ளிக் கிழங்குக்கும் பழகிக்கொண்டோம். பிள்ளைகளே, நீங்கள் இந்த மண்ணில் வளர்வது அந்த ஒரு பேச்சினால்தான்.

நீண்ட வெயிலுக்குப் பின் ஒரு வருஷம் மெராந்தி பூத்தது. சில மாதங்கள் கழித்துக் காய்கள் இறக்கையோடு சுழன்று சுழன்று இறங்கின. அன்று நானும் உடனிருந்தேன். அத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். தலையில், தோளில், சேலையில் எல்லாம் காய். பாக் வந்தார். அவர் தாடி முழுக்க நரைத்திருந்தது.

"இப்ப என்ன செய்யணும் பாக்?"

"ஒன்னும் செய்ய வேணாம்மா."

"ஒன்னும் செய்யாம இருந்து எனக்குப் பழக்கமில்லையே" என்றார் அத்தை. பாக் சிரித்துவிட்டார். அத்தை இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கை அவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

கன்றுகள் எழுந்த மறு வருஷம் அத்தைக்குக் கால் வீங்கியது. நடக்க முடியாமல் போனது. ஞாயிறு தோறும் நான் போய்வந்து, எவ்வளவு உயரம் என்று கையால் காட்டுவேன். கடைசி ஞாயிறு காட்டியபோது கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "சரி" என்றார். செவ்வாய்க்கிழமை காலை அவர் மூச்சு அடங்கியது.

நோயில் மருந்து கொடுத்த ஆஸ்பத்திரி டிரெசருக்கும், முறை வைத்துக் கூட இருந்த லயத்துப் பெண்களுக்கும், கடிதங்கள் எழுதித் தந்த கிராணியாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நான்கு மைல் நடந்துவந்து, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி இடுகாடு வரை கூடவே வந்த பாக்குக்கு எங்கள் வணக்கம்.

ஆண்டுப் படையலுக்கு அடுத்த ஞாயிறு காலை, நானும் பிள்ளைகளும் அந்தக் காட்டுக்குப் போகிறோம். அவர் விட்ட வேலை இருக்கிறது. வர விரும்புகிறவர்கள் வாருங்கள். கொடி அறுக்க அரிவாள் போதும், மண்வெட்டி வேண்டாம். கன்றுகள் இப்போது முழங்கால் உயரம்தான். காலடி பார்த்து வையுங்கள்.