மழையில் நனைந்த வெள்ளை வேட்டி

திருவொற்றியூரில் நண்பன் மகனுக்குக் கல்யாணம். கொட்டுகிற மழையில் பேன்ட்டை எடுத்தால், "கல்யாணத்துக்கு வேட்டி கட்டிகினு போய்யா" என்று மனைவி பிடிவாதம். ராயபுரத்தில் மெல்லிசு வெள்ளை வேட்டியோடு பஸ் ஏறியவன், மண்டபம் சேர்வதற்குள் தொப்பலாகிவிட்டேன்.

அட்சதை போட மேடையேறியதும் வீடியோக்காரர் லைட்டை என் பக்கம் திருப்பினார். நண்பன் கத்தினான்: "இன்னா மாமு, பட்டாப்பட்டி கோட்டையெல்லாம் எண்ணலாம் போலகீதே!"

குனிந்து பார்த்தேன். வேட்டி உடம்போடு ஒட்டி, உள்ளேயிருந்த நீலக்கோட்டு டிராயர் அப்படியே தெரிந்தது! பக்கத்திலிருந்தவர் துண்டைப் பிடுங்கி இடுப்பில் சுற்றிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால், "உள்ளாற வெள்ளை போட்டுகினு போறதுக்கு இன்னா?" என்று எனக்கே திட்டு.

இப்போதெல்லாம் மழைநாள் கல்யாணத்துக்கு லுங்கியில் போய், பிளாஸ்டிக் கவரில் எடுத்துப்போன வேட்டியை மண்டபத்தில்தான் கட்டுகிறேன். ஆனால் அந்தக் கல்யாண வீடியோ கேசட்டை என்ன செய்ய? தன் வீட்டுக்கு யார் வந்தாலும் நண்பன் அதைத்தான் போடுகிறான்!