சாவி என் கையில் இருந்தது

சாய்ந்தமருதில் கராஜ் வைத்திருந்த அந்த மெக்கானிக்கின் பெயரை நான் கேட்கவில்லை. ஒல்லியான மனிதர், தலையில் ஒரு சொட்டு கிரீஸ்கூடப் படாத வெள்ளைத் தொப்பி. ஆளில்லாத வீட்டுக்குள் நுழையும்போது நாம் ஸலாம் சொல்வதுபோல, வெறும் காரைத் தொடுமுன்பும் அவர் ஸலாம் சொல்வார். என் காருக்கும் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது.

அது நான் அண்மையில் வாங்கிய பழைய கார். டைமிங் பெல்ட் மாற்றுவதற்கு என்ஜினின் கிராங்க் புல்லி போல்ட்டைக் கழற்ற வேண்டும். காலையிலிருந்து அது அசையவில்லை. மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்தவர், போல்ட்டில் நீண்ட இரும்புப் பிடியை மாட்டி, அதன் முனையைக் காரின் சட்டத்தில் முட்டுக்கொடுத்தார். ஸ்டார்ட்டரை ஒருதரம் தட்டினால், என்ஜினே தன் பலத்தில் போல்ட்டைத் தளர்த்திவிடுமாம்.

“உள்ள ஏறிச் சாவிய ஒருக்காத் திருப்புங்க தம்பி,” என்றார், பொனட்டுக்குள் குனிந்தபடி.

நான் காருக்குப் பின்னால் நின்று, பொக்கெட்டிலிருந்து சாவியை அப்போதுதான் எடுத்தேன். என்ஜின் ஒருமுறை உதறியது. போல்ட் வெடிச் சத்தத்தோடு இளகியது.

“ஜஸாக்கல்லாஹ்,” என்று நன்றி சொன்னார், தலையைத் தூக்காமலே.

“காக்கா, நான் இன்னும் ஏறல்ல. சாவி இந்தா என்ட கையில இரிக்கி.”

நிமிர்ந்து, பொனட்டுக்குப் பக்கவாட்டில் எட்டி, வெறும் டிரைவர் ஆசனத்தைப் பார்த்தார்.

“ஓம் தம்பி. உங்களுக்குச் சொல்லல்ல,” என்றுவிட்டு போல்ட்டை விரலாலேயே கழற்றத் தொடங்கினார்.

இப்போது நானும் கார்க் கதவைத் திறக்கும்போது ஸலாம் சொல்கிறேன். சொன்ன கையோடு ரேடியோவைச் சத்தமாகப் போட்டுவிடுவேன். பதில் வந்தால் என் காதில் விழக்கூடாது.