கோழிக்கு விற்ற காது

பதுளைக்கு இன்னும் ரயில் வராத காலம். நமுனுகுல மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களாவில் நான் சமையல்காரன். எல்லோருக்கும் நான் அப்பு. துரைக்கு மூன்று வேளையும் பரிமாறுகிறவன் ஆயிற்றே, நான் சொன்னால் துரை தட்டமாட்டார் என்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்கள் நம்பினார்கள். நானும் மீசையைத் தடவிக்கொண்டு நம்பவிட்டேன். உண்மையில் துரை என்னிடம் பேசியதெல்லாம் சூப்பில் உப்பு கூடிப்போனதைப் பற்றித்தான்.

ஒரு மழைக்காலத்தில், கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி கைக்குழந்தையோடு நான் சமைக்கும் குசினி வாசலுக்கு வந்தாள். லயத்தில் அவள் வீட்டுக் கூரை ஒழுகுகிறதாம், தொட்டில் கட்டக் காய்ந்த இடமில்லையாம். "தொர காதுல போட்டு வைங்கண்ணே" என்று தன் முட்டைக் கோழியை நீட்டினாள். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே நாலு வாரம் ஓடியது. துரை முகத்தைப் பார்த்தாலே எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். கோழி மட்டும் குசினிக்குப் பின்னால் சுகமாக அடைகாத்தது.

ஒருநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்தில், அவள் கங்காணியைத் தாண்டி நேரே துரை முன்னால் போய் நின்றாள். கையில் சொட்டச் சொட்டத் தொட்டில் சேலை. கூட நாலைந்து பெண்கள். துரைக்குக் குடை பிடித்தபடி நான். விஷயத்தைக் கேட்டதும் அன்றைக்கே தகரம் போடச் சொல்லிவிட்டார் துரை. "முந்தியே ஏன் சொல்லலே?" என்றார்.

"அப்புகிட்ட கோழி குடுத்துச் சொல்லச் சொன்னேனுங்க."

துரை என் பக்கம் திரும்பினார். "என் பேரைச் சொல்லிக் கோழி வாங்கினியா? பதுளை மறியல்ல கம்பி எண்ணப் போறியா?" எனக்கு வந்த நடுக்கத்தில் குடைத் தண்ணீர் முழுதும் அவர் தலையில் கொட்டியது. பெரட்டே சிரித்தது. நல்லவேளை, துரைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரும் பார்க்கக் கோழியைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றார்.

மறுநாள் கோழிக்கூடையைத் தலையில் சுமந்துகொண்டு லயத்துக்குப் போனேன். அதற்குள் கோழி குஞ்சு பொரித்திருந்ததால் தலைமேல் ஒரே கீச்சுக் கீச்சு. புதுத் தகரத்தின் கீழே, காய்ந்த சேலையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் கூடையை வாங்கிக்கொண்டு சிரித்தாள். "நான் என் வாயால கேட்டேன். நீங்க வித்தது யாரு காதுண்ணே?"

இப்போதும் பதுளைக் கடைத்தெருவில் யாராவது, "பெரிய இடத்துல நமக்கு ஆள் இருக்கு, என்ன தருவீங்க?" என்று ஆரம்பித்தால், என் தலைமேல் அந்தக் குஞ்சுகள் கத்துகின்றன. "நேரே போய்க் கேளுங்க" என்று கேட்டு நிற்கிறவர்களிடம் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.