"வெயிட்" என்றாள் நோரா மேடம்

என் அக்கா சரசுவின் புருஷன் ஆதிகேசவனுக்கு இங்கிலீஷில் பத்துப் பன்னிரண்டு வார்த்தை தெரியும். எல்லாம் ஏவல்கள்தான். கொண்டு வா, எடு, திற, மூடு. அதற்கே ஜோகுபாளையத்தில் அவருக்கு ஏக மரியாதை. அல்சூர் ஏரிப் பக்கம் நோரா மேடம் பங்களாவில் அவர் பட்லர். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிப் போன பிறகும் அந்த விதவை ஊரை விடவில்லை.

'வெயிட்' என்றால் காத்திரு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள். பங்களா வழக்கம் அதற்கும் மேலே. மேடம் அதைச் சொல்லிவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். கூப்பிடும்வரை வாயைத் திறக்கக் கூடாது. இதை அவர் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் ஒரு மத்தியானம் அக்காவுக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி சந்திரம்மா பார்த்துவிட்டுக் கையை விரித்தாள்.

"புள்ள குறுக்கால கீது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கு. ஜட்கா குலுக்கல் தாங்காது, காருக்கு வழி பண்ணு."

பங்களாவுக்கு ஓடினேன். டிரைவர் ஓஸ்வால்ட், "மேடம் சரின்னா இப்பவே எடுக்கிறேன்," என்றார். ஆதிகேசவன் உள்ளே போனார். நான் சமையலறைக் கதவோரம் நின்று பார்த்தேன். அங்கே சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. "மேடம்" என்றார். அவள் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் விரலைத் தூக்கி, "வெயிட்" என்றாள்.

நின்றார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார், பாவி மனுஷன்!

"மாமா, சொல்லுங்க மாமா!" என்றேன். உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். மேலே கத்தப் போன என்னை ஓஸ்வால்ட் வெளியே இழுத்துவிட்டார்.

"கத்தினா அவரு வேலை போயிடும்மா."

ஆட்டம் முடிந்தது. டீ வந்தது. அதையும் அவரே ஊற்றினார். அதற்குப் பிறகுதான் மேடம், "என்ன ஆதி?" என்று கேட்டாள். சொன்னதும் பதறி எழுந்து, தானே கார் வரைக்கும் ஓடி வந்தாள். கெட்டவள் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

கார் எங்கள் சந்துக்கு வந்தபோது சந்திரம்மா வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தாள். "இனிமே எதுக்கு?" என்றாள். தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

மறுநாள் அக்காவைத் தூக்குவதற்கு முன்னால் மேடம் பூவோடு வந்தாள்.

"ஏன் நீ சொல்லலே ஆதி? நான் ஆட்டம் நிறுத்துமே!" என்று அழுதாள்.

அவர் அக்காவின் தலைமாட்டிலிருந்து எழுந்தார். குனிந்து, "சாரி, மேடம்" என்றார்.

மேடத்தை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன். அவரை மன்னிக்க முடியவில்லை.