களப்புத் தண்ணீரில் ஊறிய ஓலை

உலகச் சண்டைக் காலத்தில் சாக்குக்கும் தட்டுப்பாடு வந்தது. கூப்பன் கடைகளுக்குச் சீனி அனுப்பப் பனையோலை உமல்கள் வேண்டுமென்று, கற்பிட்டிக்குப் போகும் வழியில் இருந்த எங்கள் ஊரில் அரசாங்கம் ஒரு கொட்டில் போட்டது. கருவாடு அடைக்கும் ஓலைப் பைதானே உமல், அது எங்களுக்குக் கைவந்த வேலை. கடலைக் குழப்பும் சோளகக் காற்றில் வள்ளங்கள் கரையில் கிடக்கும் மாதங்களில் பதினொரு வீட்டு அடுப்பு அந்தக் கொட்டிலால்தான் எரிந்தது. என் வீட்டுக்காரர் நெஞ்சு வருத்தத்தில் படுக்கையோடு கிடந்தார். எனக்கு வேறு வழியே இல்லை.

ஓலை ஊறவைப்பது கிழமைக்கு ஒருத்தி முறை. கிணற்றுத் தண்ணீரில்தான் ஊறவைக்க வேண்டும் என்பது மேற்பார்வை ஐயாவின் கட்டளை. கிணறோ சுடுமணலுக்கு அப்பால் அரை மைல். என் முறை வந்தபோது இரண்டு நாள் குடம் சுமந்தேன். மூன்றாம் நாள் இடுப்பு விட்டுப்போயிற்று. கடல் தண்ணீர் ஏறி நிற்கும் களப்பு கொட்டிலுக்குப் பின்னாலேயே கிடந்தது. கருவாட்டு உமலுக்கு எந்நாளும் அதில்தானே போடுகிறோம், உப்பு ஏறினால் ஓலை இறுகும், பூச்சியும் அண்டாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு கட்டுக்கட்டாக அதில் இறக்கினேன். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

மாரியில் உமல்கள் திரும்பி வந்தன. ஓலையிலிருந்த உப்பு ஈரத்தை இழுத்து, சீனி எல்லாம் பாகாய் வடிந்துவிட்டதாம். ஐயா ஓர் உமலின் ஓலையை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"இதைக் களப்புத் தண்ணியில போட்டது ஆரு? ஆளைச் சொல்லுங்க. மத்தவங்களுக்கு வேலை இருக்கும்."

அது யாருடைய கிழமை என்று பத்துப் பேருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு மூன்று பிள்ளைகளோடு இருந்தவள் அவள்.

"நாங்க எல்லாருந்தான் ஐயா" என்றாள்.

"ஓம் ஐயா, எல்லாருந்தான்" என்றார்கள் மற்றவர்கள்.

நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன? கொட்டிலைப் பூட்டிக்கொண்டு ஐயா போய்விட்டார். உமல்களை எங்களிடமே எறிந்துவிட்டுப் போனார்.

தலவில கோயில் திருநாளில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சாமியாரிடம் சொன்னேன். அக்காவிடம் சொல்ல மட்டும் நா எழவில்லை.

அடுத்த சோளகத்தை அக்காவால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மூத்த மகளைச் சிலாபத்தில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினாள். பிள்ளைக்குப் பதினொரு வயது. அவளுடைய இரண்டு சட்டைகளையும் ஒரு ஜெபமாலையையும் அந்த உமல்களில் ஒன்றில்தான் வைத்துக் கட்டினாள்.

"வழியில பிஞ்சி போகுமா அம்மா?" என்று பிள்ளை கேட்டது.

"பிய்யாது. நல்லா உப்பேறின ஓலை" என்றாள் அக்கா. என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

பஸ் நிற்கும் இடம் வரைக்கும் அந்த உமலை நான் சுமந்தேன்.