பிரிட்டிஷ் நிபுணர், சொந்த ஊர் கோவில்பட்டி

அபுதாபியில் என் வேலை கண்காட்சிப் பலகைகளுக்கு வாசகம் எழுதுவது. அதற்கு முன் சென்னையில் ஒரு நாளிதழில் துணையாசிரியராக இருந்தேன். போன வருடம் இந்தத் தலைநகர் உருவான கதையைப் பன்னிரண்டு பலகைகளில் எழுதினேன். முதல் பலகையில் மணலும் கோட்டையும். நான்காவதில் பிரிட்டிஷ் அதிகாரி வந்து அலுவலகம் திறக்கிறார். ஒன்பதாவதில் பிரிட்டிஷ்காரர்கள் கொடியை இறக்கி மடித்துக்கொண்டு கிளம்புகிறார்கள். பத்தாவதில் ஆலோசகர்களாகத் திரும்பி வருகிறார்கள், இந்த முறை விமானத்தில்.

பலகைகளைக் கேட்ட அலுவலகம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது: வாசகத்தை ஒரு பிரிட்டிஷ் நிபுணர் சரிபார்க்க வேண்டும். எங்கள் மேலாளர் கோயம்புத்தூர்க்காரர். ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சிக்கு, பிரிட்டிஷ் பாஸ்போர்ட், அருங்காட்சியக அனுபவம், மூன்று மாதம் தற்காலிகம் என்று எழுதிப் போட்டார். கேட்டதெல்லாம் சரியாகவே வந்தது. அவர் கேட்க மறந்தது ஒன்றுதான்.

வந்தவருக்கு ஐம்பது வயது, அடர்த்தியான மீசை, நெற்றியில் விபூதி. இங்கிலாந்தில் லெஸ்டர் நகர அருங்காட்சியகம் ஒன்றில் இருபது வருடம் வேலை பார்த்தவர். பாஸ்போர்ட் அசல் பிரிட்டிஷ். என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “அண்ணாச்சி, இங்கன நல்ல டீ எங்க கெடைக்கும்?”

மேலாளர் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் புலம்பினார். “ஏனுங்க, பிரிட்டிஷ்காரர்னு சொல்லி இவரைக் கூட்டிட்டுப் போனா ஒத்துக்குவாங்களா?”

ஒத்துக்கொள்ளாவிட்டால் இழப்பு நிபுணருக்குத்தான். லெஸ்டர் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்திருந்தார். பலகைகளுக்கு அந்த அலுவலகத்தின் கையெழுத்து விழுந்தால் இங்கே வேலை நிரந்தரமாகும், மனைவியையும் மகள்களையும் அழைத்துக்கொள்ளலாம். விழாவிட்டால் வேலை இல்லாத ஊருக்கு விமானம் ஏற வேண்டும். இதையெல்லாம் முதல் நாளே டீ குடித்தபடி என்னிடம் சொல்லிவிட்டார்.

மூன்று மாதமும் மேலாளர் அவரை மின்னஞ்சலுக்குள்ளேயே ஒளித்து வைத்தார். கடைசியில், நிபுணரையும் கூட்டிக்கொண்டு பலகைகளோடு நேரில் வரச் சொல்லி அந்த அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. மேலாளர் ஒரு நாள் முழுக்க யோசித்து, வெள்ளைக்காரர் ஒருவரை வாடகைக்கு எடுத்தார். அவர் போலந்துக்காரர், சுற்றுலாப் பயணிகளுக்குக் கடலில் மூழ்கக் கற்றுக் கொடுப்பவர். அலுவலக ஏட்டில் அவர் நிபுணரின் உதவியாளர். கூட்டத்தில் அவருக்கு வேலை கோட்டு போட்டு உட்கார்ந்து தலையாட்டுவது. நிபுணருக்கு ‘எக்ஸலன்ட்’ என்ற ஒரே சொல் அனுமதிக்கப்பட்டது.

கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் இந்த ஊரிலேயே பிறந்த முதியவர். எண்பதைத் தாண்டியிருப்பார். கணுக்கால் வரை தொங்கிய வெள்ளைக் கண்டூரா அங்கியில் ஒரு சுருக்கம் இல்லை. பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். போலந்துக்காரர் உடனே தலையாட்டத் தொடங்கிவிட்டார். இன்னும் யாரும் எதுவும் பேசியிருக்கவில்லை.

முதியவர் அவரைக் கவனிக்கவே இல்லை. மீசைக்காரரைப் பார்த்து நேராக இந்தியில் கேட்டார், இதில் என்ன தப்பு என்று. அந்தக் காலத்தில் தகப்பனாரோடு சரக்கெடுக்கப் பம்பாய்க்குப் போய்ப் போய்ப் பழகிய இந்தி அது. நம் நிபுணரின் இந்தி லெஸ்டரில் பக்கத்து வீட்டுக் குஜராத்திகளிடம் கற்றது. இரண்டும் அச்சு அசலாக ஒரே இந்தி.

மேலாளர் மேசைக்கடியில் நிபுணரின் காலை மிதித்தார். நிபுணர் காலை இழுத்துக்கொண்டு, நான்காவது பலகை தப்பு என்றார். அவ்வளவு பெரிய ஆபீஸை ஒற்றை வெள்ளைக்காரரே நடத்தியதாக எழுதியிருக்கிறது, கடிதம் எழுதின குமாஸ்தா எங்கே என்று கேட்டார். அதை எழுதியவன் நான். மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். போலந்துக்காரர் மட்டும் ஆமோதித்துத் தலையாட்டினார்.

முதியவர் நான்காவது பலகையை இன்னொரு முறை படித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

“சின்ன வயசில் அந்த ஆபீஸுக்குப் போயிருக்கிறேன். கதவைத் திறந்தவர் இந்தியர். மனு எழுதினவர் இந்தியர். முத்திரை குத்தினவரும் இந்தியர். வெள்ளைக்காரரை நான் பார்த்தது இரண்டே முறை. பிரிட்டிஷ் ஆபீஸ் என்றால் எனக்கு இந்த மீசைதான் ஞாபகத்துக்கு வருகிறது.”

குமாஸ்தாவைச் சேர்த்து எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அப்புறம்தான் போலந்துக்காரரைக் காட்டி, இவர் யார் என்றார். மேலாளர் வாய் தவறி உண்மையைச் சொல்லாமல் இருக்க, ஏட்டில் இருந்ததையே சொன்னார்: நிபுணரின் உதவியாளர்.

“அச்சா,” என்றார் முதியவர். “அப்படியானால் பலகைகளை அவர் எடுத்து வரட்டும்.”

பன்னிரண்டு பலகைகளையும் போலந்துக்காரர் நான்கு நடையாகக் கீழே கொண்டு வந்து வேனில் ஏற்றினார். வாடகைப் பேச்சில் சுமை தூக்குவது இல்லை என்று ஆங்கிலத்தில் முனகினார். மேலாளர் அவரை ‘யல்லா, யல்லா’ என்று அரபியில் விரட்டினார். அந்தத் தொனியை அதுவரை எங்களிடம் மட்டுமே பயன்படுத்தி வந்தார்.

நிபுணர் வேன் நிழலில் நின்று லெஸ்டருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் மனைவி கேட்டது எனக்குக் கேட்கவில்லை. இவர் சொன்னது கேட்டது.

“ஆமா, கையெழுத்து போட்டுட்டாவ. ஏட்டி, அந்த ஸ்வெட்டரு, கம்பளி எல்லாத்தையும் யாருக்காவது குடுத்துட்டுப் பொறப்படு.”